மிதிவண்டியின் நடு அச்சு



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தேர் எவ்வளவு உயரமாக இருந்தாலும், எத்தனை பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்தைக் காத்து நிற்கும் அந்தச் சிறு ஆணி கழன்றுவிட்டால் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். நம் வீட்டு மிதிவண்டிக்கும் அப்படி ஓர் உறுப்பு உண்டு. இரண்டு மிதிகளும் வந்து சேரும் இடத்தில், சட்டத்தின் அடிவயிற்றில், குறுக்கே கிடக்கும் அச்சுதான் அது. சைக்கிள் கடையில் இதைப் 'பி.பி.' என்பார்கள். பி.பி. கப்பு, பி.பி. ஆக்சில் என்று கேட்டு வாங்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. இன்றைய பொழிவில் இதை நாம் நடு அச்சு என்று சொல்லிக்கொள்வோம்.

கையில் அடங்கும் இந்த உறுப்புக்கு வரலாறு என்று ஒன்று இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அதில் நம் தோட்ட மக்களின் கதையும் கலந்திருக்கிறது. அதோடு, இன்றைய இளைஞர்கள் ஆசைப்பட்டு வாங்கும் விலையுயர்ந்த கார்பன் சைக்கிள்களில் 'கிறீச் கிறீச்' என்று ஓர் ஒலி கேட்கிறதே, அதற்கான விடையும் இந்த வரலாற்றில்தான் கிடைக்கிறது.

பொது அளவு

முதலில் பொது அளவு என்றால் என்ன என்று பார்ப்போம். அதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டாம். கோலாலம்பூரில் உள்ள பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனால் போதும். அந்த ஊருக்கு அப்பெயர் வந்ததே அங்கிருந்த செங்கல் சூளைகளால்தான். 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடின. அதற்குப் பின்னர், அத்தாப்புக் கூரைகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டிடங்கள் எழுந்தன. செங்கல்லின் சிறப்பு என்ன? ஒரு கல்லைப் போலவே அடுத்த கல்லும் இருக்கிறது. இன்று அறுத்த கல்லையும் அடுத்த ஆண்டு அறுக்கப்போகும் கல்லையும் ஒரே சுவரில் வைக்கலாம். அளவு ஒன்றாக இருப்பதால் கொத்தனாருக்குக் கவலை இல்லை.

அதே பிரிக்ஃபீல்ட்ஸில் நம்மவர்கள் பலர் ரயில்வேயில் வேலை செய்து வாழ்ந்தார்கள். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே போடப்பட்டது. அடுத்த ஆண்டில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரையில் இன்னொரு பாதை வந்தது. இரண்டும் தனித்தனி மாநிலங்களில் தனித்தனியாகப் போடப்பட்டவை. ஆனாலும் இரண்டிலும் தண்டவாளங்களுக்கு இடையே இருந்த அகலம் ஒரே ஒரு மீட்டர்தான். அதனால்தான் பிற்காலத்தில் துண்டு துண்டாக இருந்த பாதைகளை ஒன்றாக இணைத்து, ஒரே வண்டியை வடக்கிலிருந்து தெற்குவரை ஓட்ட முடிந்தது.

இன்று கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கே.டி.எம். ரயில் ஒரு மீட்டர் அகலப் பாதையில் வருகிறது. அதே நிலையத்துக்கு வரும் கிளானா ஜெயா வழித்தட ரயிலின் பாதை 1,435 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. ஒன்றின் வண்டி மற்றதன் பாதையில் ஓடாது. இரண்டும் நல்ல வண்டிகள்தாம். ஆனால் அளவு வேறு. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நடு அச்சின் கதையும் இதுவேதான்.

ரப்பரும் மிதிவண்டியும்

இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் மிதிவண்டியை 1885-இல் இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் செய்து விற்றார். 1888-இல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமை பெற்றார். உலகம் மிதிவண்டி மேல் பைத்தியம் கொண்டது. ரப்பருக்குத் தேவை ஏறியது. 1890-களின் நடுவில் சிலாங்கூரில் காஜாங் பக்கத்திலுள்ள இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் வணிகத்துக்காக நடப்பட்டன. மோட்டார் கார் பெருகுவதற்கு முன்பே ரப்பருக்கு வாசல் திறந்து வைத்தது மிதிவண்டிதான். நம் பாட்டன்மாரும் பூட்டன்மாரும் கப்பலேறி வந்து பால்மரம் வெட்டியதற்குப் பின்னணியில் அந்த இரண்டு சக்கரங்களும் சுழன்றுகொண்டிருந்தன.

ஆனால், டயருக்கான பாலை இறக்கியவனுக்கு அந்த வண்டி உடனே கிடைத்துவிடவில்லை. தொடக்கத்தில் அது துரைமார்களுக்கும் கிராணிமார்களுக்கும் உரியதாக இருந்தது. 1930-களில் ஜப்பானியர்கள் மலிவான சைக்கிள்களை மலாயாவில் கொண்டுவந்து குவித்த பிறகுதான், தோட்டத் தொழிலாளியும் காசு சேர்த்து ஒன்று வாங்க முடிந்தது.

இறங்க மாட்டோம் என்ற குரல்

அப்படி வாங்கிய சைக்கிள் வெறும் வண்டியாக மட்டும் இருக்கவில்லை. 1941-ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் அதற்கு வழிகாட்டினார். போர்க்காலத்தில் ரப்பர் விலை ஏறியிருந்தது. தொழிலாளியின் நாட்சம்பளமோ 50 காசாக இருந்தது. ஒரே வேலை செய்த சீனத் தொழிலாளிக்குக் கிடைத்த சம்பளம் தங்களுக்கும் வேண்டும், நல்ல மருத்துவ வசதி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களுக்கு இழைக்கும் கொடுமை நிற்க வேண்டும், சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

அந்தக் கோரிக்கைகளுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. தோட்டப் பாதையில் வெள்ளைத் துரையோ ஆசிய மேலாளர்களோ எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது.

எண்ணிப் பாருங்கள் நேயர்களே. சம்பளத்தோடும் மருந்தோடும் சரிசமமாக வைத்துக் கேட்கப்பட்ட உரிமை அது. தன் உழைப்பில் வாங்கிய வண்டியில், தன் கால் வலுவில், நிமிர்ந்து உட்கார்ந்து போக வேண்டும் என்பது. நாதன் மே மாதத் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. படைகள் வந்தன. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டார்கள். சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமைக்கும் சேர்த்தே அந்த உயிர்கள் விலையாயின.

போரில் வென்ற உதிரி உறுப்பு

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. எழுபது நாட்களில் மலாயா முழுவதையும் கடந்த அந்தப் படையில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் வந்தவர்கள். படைப்பிரிவு ஒன்றுக்கு ஏறக்குறைய 6,000 சைக்கிள்கள் இருந்தனவென்று அப்படையின் திட்ட அதிகாரியான மசனோபு சுஜி எழுதியிருக்கிறார். பாலம் தகர்க்கப்பட்டால் வீரர்கள் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் வளையத்திலேயே ஓட்டினார்கள்.

எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சைக்கிள் பழுதாகத்தானே செய்யும்? பழுதை எப்படிச் சமாளித்தார்கள்? போருக்கு முன்பே ஜப்பானிய சைக்கிள்கள் மலாயாவில் ஏராளமாக விற்பனையாகி இருந்தன. அதனால் ஊருக்கு ஊர் உதிரி உறுப்புகள் கிடைத்தன; பழுது பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். அதாவது, எதிரி நாட்டுப் படைக்கு உதவியது நம் ஊர்ச் சைக்கிள் கடையில் தொங்கிய உதிரி உறுப்புதான். அந்தப் போர் நம் தோட்டங்களுக்கு எத்தகைய துயரத்தைக் கொண்டுவந்தது, எத்தனை பேரைச் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் சென்றது என்பதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு பாடம் அதில் இருக்கிறது. எங்கும் கிடைக்கும் உறுப்பு, எவரும் பொருத்தக்கூடிய அளவு, இவை இரண்டும் இருந்தால் ஓர் எளிய பொறிகூடப் பெரிய வலிமை பெற்றுவிடுகிறது.

மரையின் நுட்பம்

இனி நடு அச்சுக்கு வருவோம். பழைய இரும்புச் சைக்கிளின் அடியில் குறுக்காக ஒரு குட்டைக் குழாய் இருக்கும். அதன் இரு வாயிலும் உள்ளே மரை வெட்டியிருப்பார்கள். இரு பக்கமும் ஒவ்வொரு இரும்புக் கப்பைத் திருகுவார்கள். கப்புக்குள் கிரீஸ் தடவி, பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டுகளை அடுக்கி, நடுவே அச்சைச் செருகுவார்கள். அச்சின் முனைகளில் கிராங்குகளை மாட்டிக் காட்டர் பின் அடித்து இறுக்குவார்கள். இவ்வளவுதான். கப்பு தேய்ந்தால் கப்பை மாற்றலாம். குண்டு தேய்ந்தால் குண்டை மாற்றலாம். சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

அந்த மரைக்கு இங்கிலாந்தில் ஒரு பொது அளவு ஏற்பட்டது. பர்மிங்காம் நகரின் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பெயரால் இன்றும் அதைப் பி.எஸ்.ஏ. மரை என்கிறார்கள். குழாயின் அகலம் பெரும்பாலும் 68 மில்லிமீட்டர். கப்பின் குறுக்களவு 1.37 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 24 மரை. வலப்பக்கக் கப்புக்கு மட்டும் மரை தலைகீழாக, அதாவது இடமரையாக இருக்கும்.

ஏன் அப்படி? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கையை மூடி, நடுவில் ஒரு பென்சிலைத் தளர்வாகப் பிடியுங்கள். அதன் மேல்முனையை விரலால் கடிகார முள் சுற்றும் திசையில் வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் தன்னைத்தானே எதிர்த்திசையில் உருளும். சைக்கிள் மிதிக்கும்போது வலப்பக்கக் கப்புக்கும் இதுவே நேர்கிறது. நாம் மிதிக்கும் பாரம் சுற்றிச் சுற்றி அழுத்துவதால், கப்பு மெல்ல மெல்ல எதிர்த்திசையில் நகரப் பார்க்கும். சாதாரண மரையாக இருந்தால் நாளடைவில் கழன்றுவிடும். இடமரையாக இருந்தால் மிதிக்க மிதிக்க இறுகும். இடப்பக்க மிதியைக் கழற்றுவதற்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்று நமக்குத் தெரியும் அல்லவா? அங்கும் இதே அறிவுதான் வேலை செய்கிறது.

நாட்டுக்கு ஓர் அளவு

இந்த அளவு எல்லா நாட்டிலும் ஒன்றாக இருந்ததா என்றால், இல்லை. இத்தாலியர்கள் 36 மில்லிமீட்டர் கப்பும் 70 மில்லிமீட்டர் குழாயும் வைத்துக்கொண்டார்கள். இரு பக்கமும் வலமரை. அதனால் இத்தாலிய வண்டிகளில் வலப்பக்கக் கப்பு தளர்வது உண்டு. அதை நன்றாக இறுக்கிவைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 35 மில்லிமீட்டர் அளவு வைத்தார்கள். இங்கிலாந்துக்குள்ளேயே நாட்டிங்ஹாம் நகரின் ராலே நிறுவனம், அங்குலத்துக்கு 26 மரை என்று தனி வழி போயிற்று. ராலே கப்பு பி.எஸ்.ஏ. குழாயில் ஏறாது.

ஆனாலும் நம் நாட்டில் பெரிய குழப்பம் வரவில்லை. ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவை ஆங்கில அளவின. ராலேயும் ஏராளமாக ஓடியதால் அதற்கும் உறுப்பு கிடைத்தது. மலாயாவில் சைக்கிள் வியாபாரத்தைப் பெரும்பாலும் ஹெங்குவா என்ற சீனப் பிரிவினர் நடத்தினார்கள். அவர்கள் கடையில் இரண்டு மூன்று வகைக் கப்பு இருந்தால் ஊர் வண்டிகள் அத்தனைக்கும் போதும். தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலப் பெயர்களிலேயே வண்டிகள் செய்தது. உறுப்பு மலிவு, கருவி ஒரு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும், அறிவு ஊரிலேயே இருந்தது. தோட்டத்துத் தொழிலாளி தன் வண்டிக்குத் தானே எசமானனாக இருந்தான் என்றால், அதற்கு இந்தப் பொது அளவு ஒரு முக்கியக் காரணம்.

கார்பன் சட்டம் வந்தது

1970-களிலிருந்து நம் மக்கள் மெல்ல மெல்ல மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள். மிதிவண்டி வேலைக்குரிய வண்டி என்ற நிலை மாறி, விளையாட்டுக்கும் உடல்நலத்துக்கும் உரியதாயிற்று. இதற்கிடையே ஐரோப்பாவில் பந்தய வண்டிகளின் எடையைக் குறைக்கும் போட்டி நடந்தது. 1986-இல் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், கார்பன் இழைக் குழாய்களால் ஆன சட்டம் கொண்ட வண்டியில் பிரான்ஸ் சுற்றுப்பந்தயத்தை வென்றார். கார்பன் இழை என்பது தலைமுடியைவிட மெல்லியது. அந்த இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக அச்சில் இட்டு, சூட்டில் இறுக்கிச் சட்டம் செய்கிறார்கள். இரும்பைவிட எடை மிகக் குறைவு. இழை கிடக்கும் திசையில் வலிமை மிக அதிகம். நம் நாட்டிலும் 1996 முதல் லங்காவி சுற்றுப்பந்தயத்தின் வழியாக உலகப் பந்தய வண்டிகளை மக்கள் நேரில் பார்த்தார்கள்.

ஆனால் கார்பனில் ஒரு குறை. அதில் நேரடியாக மரை வெட்டினால் நிலைக்காது, இழை பிய்ந்துவிடும். அதனால் முதலில் உலோகக் குழாய் ஒன்றில் மரை வெட்டி, அதைக் கார்பன் சட்டத்துக்குள் ஒட்டினார்கள். இது நன்றாகவே வேலை செய்தது. ஆயினும் அந்த உலோகக் குழாய்க்கு எடை உண்டு. ஒட்டுவதற்கும் மரை வெட்டுவதற்கும் செலவும் உண்டு. அதை எடுத்துவிட்டால் என்ன என்று தயாரிப்பாளர்கள் எண்ணினார்கள்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேனன்டேல் நிறுவனம் பி.பி.30 என்ற முறையைக் கொண்டுவந்தது. அச்சு 30 மில்லிமீட்டர் பருமன், சட்டத்தில் 42 மில்லிமீட்டர் துளை, மரை கிடையாது, பேரிங்கை நேரே துளைக்குள் அழுத்திவிடுவது. 2006-இல் மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று அதைத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு ஆளுக்கோர் அளவு கிளம்பியது. ட்ரெக் நிறுவனம் கார்பன் சட்டத்துக்குள் 37 மில்லிமீட்டர் பேரிங்கை நேரடியாகப் பொருத்தும் பி.பி.90 என்ற முறையைக் கொண்டுவந்தது. ஷிமானோ 41 மில்லிமீட்டர் துளையும் 86.5 மில்லிமீட்டர் அகலமும் வைத்தது. பிரஸ்ஃபிட்30 என்ற முறைக்கு 46 மில்லிமீட்டர் துளை. செர்வெலோ நிறுவனம் அதே துளைக்கு வேறு அகலம் வைத்தது. முன்பு நாட்டுக்கு ஓர் அளவு. இப்போது நிறுவனத்துக்கு ஓர் அளவு. இவை ஒவ்வொன்றையும் 'பொது அளவு' என்றே அழைத்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஒலி எங்கிருந்து வருகிறது?

அழுத்திப் பொருத்தும் முறை தன்னளவில் தவறான முறை அல்ல. மோட்டார் இயந்திரங்களிலும் ஆலை இயந்திரங்களிலும் பேரிங்குகளை அப்படித்தான் பொருத்துகிறார்கள். ஆனால் அங்கே துளையை உலோகத்தில் கடைந்து எடுக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கி, அதில் ஓரிரு பங்கு பிசகுக்குமேல் விடுவதில்லை. கார்பன் சட்டமோ அச்சில் வார்த்து எடுப்பது. துளை முழு வட்டமாக இல்லாமல் சற்றே முட்டை வடிவமாக இருந்தாலும், இடத் துளையும் வலத் துளையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும், பேரிங் சரியாக உட்காராது.

அப்படி உட்காராத பேரிங் ஒவ்வொரு மிதிக்கும் மயிரிழை அளவு அசைகிறது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்கும். அதுதான் அந்தக் கிறீச்சொலி. கார்பன் சட்டம் உள்ளே குடைவானது. வீணையின் குடத்தைப்போலச் சிறு ஒலியையும் பெரிதாக்கிக் காட்டும். அசைவு இருக்கும் இடத்தில் நீரும் தூசியும் புகும். நம் நாட்டு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பின்சக்கரம் வாரி அடிக்கும் நீரும், இருக்கைக் குழாய் வழியாக இறங்கும் நீரும் கடைசியில் தங்குவது நடு அச்சில்தான். கார்பனும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீரோ வியர்வையோ பட்டால் அலுமினியம் வேகமாக அரிக்கும் என்பதும் அறிவியல் உண்மை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பேரிங் தேய்ந்தால் அதைத் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். புதியதை அழுத்தி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கார்பன் துளை சிறிது தேய்கிறது. இரும்புச் சைக்கிளில் தேய்வது கப்பு. அதைச் சில வெள்ளிக்கு மாற்றிவிடலாம். இங்கே தேய்வது சட்டம். அதை மாற்றுவதென்றால் வண்டியையே மாற்றுவதாகும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துளை சரியாக அமைந்த சட்டத்தில் அழுத்திப் பொருத்திய பேரிங் பல்லாண்டு ஓசையில்லாமல் ஓடுகிறது. மரையும் குற்றமற்றது அல்ல. கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்து இறுகிய கப்பைக் கழற்ற முடியாமல் நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். வேறுபாடு எங்கே என்றால், மரை முறை தயாரிப்பில் வரும் சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும். அழுத்தும் முறை பொறுத்துக்கொள்ளாது.

மரைக்குத் திரும்பிய பாதை

இந்த உண்மையைப் பந்தய உலகமும் மெல்ல ஒப்புக்கொண்டது. இத்தாலியின் பினரெல்லோ நிறுவனம் தன் உயர்ந்த கார்பன் வண்டிகளிலும் பழைய இத்தாலிய மரையை விடவே இல்லை. அந்த வண்டிகள் 2012-க்குப் பிறகு பிரான்ஸ் சுற்றுப்பந்தயத்தைப் பலமுறை வென்றன. மரை இருப்பதால் வேகம் குறையும் என்ற வாதம் அங்கே அடிபட்டுப் போயிற்று. 2015-ஆம் ஆண்டளவில் கிறிஸ் கிங், ஆர்கோநாட் என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் டி47 என்ற புதிய மரை அளவைக் கொண்டுவந்தன. பெரிய துளையின் நன்மையும் மரையின் உறுதியும் சேர்ந்து இருக்கும்படி 47 மில்லிமீட்டர் குறுக்களவில் மரை வெட்டினார்கள். 2019-இல் ட்ரெக் நிறுவனம் அந்த அளவை ஏற்றுக்கொண்டது. 2020-இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் தன் புகழ்பெற்ற டார்மாக் பந்தய வண்டியில் பழைய பி.எஸ்.ஏ. மரையையே மீண்டும் வைத்தது. நம் பாட்டன் ஓட்டிய வண்டியின் மரை அளவு, கார்பன் வண்டியின் வயிற்றில் மறுபடி குடியேறியது.

நாம் கவனிக்க வேண்டியவை

இந்த வரலாற்றால் நமக்கு என்ன பயன்? நம் பிள்ளைகள் பலர் இன்று பழைய கார்பன் சட்டங்களை இரண்டாம் கைக்கு வாங்குகிறார்கள். பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணம் அது. பளபளக்கும் வண்ணத்தையும் பெயரையும் பார்ப்பதற்குமுன், வண்டியைப் புரட்டி நடு அச்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மரையா, அழுத்திப் பொருத்தியதா என்று விற்பவரைக் கேளுங்கள். அழுத்திப் பொருத்தியதானால் அந்த அளவின் பெயரையும், அதற்குரிய பேரிங் நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்குமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கிராங்கைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. சங்கிலியைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள், சொரசொரப்பு இருக்கக்கூடாது. துளையைச் சுற்றிலும் கீறலோ வெடிப்போ இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம்.

வாங்கிய பிறகு, மழையில் ஓட்டினால் இருக்கைத் தண்டைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிடுங்கள். அழுத்தம் மிகுந்த நீர்க்குழாயை நடு அச்சை நோக்கிப் பிடிக்காதீர்கள். ஒலி கேட்டால் உடனே சுத்தியலை எடுக்க வேண்டாம். மிதி, இருக்கை, சங்கிலிப் பல்சக்கரத்தின் திருகுகள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்; நடு அச்சிலிருந்து வருவதாகத் தோன்றும் ஒலி பல நேரங்களில் இவற்றிலிருந்து வருவதுண்டு. அழுத்திப் பொருத்திய அச்சே ஒலிக்கிறதென்றால், இரண்டு கப்புகளும் நடுவில் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும் வகை இப்போது கிடைக்கிறது. அது இரு பக்கத்தையும் ஒரே கோட்டில் பிடித்து நிறுத்தும். சட்டத்தின் துளை கெடுவதற்கு முன் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

நேயர்களே, 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று சொன்னான். அந்த வண்டி அவனுடையது. அதைப் பழுது பார்க்கும் அறிவும் உறுப்பும் அவனுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கினால் மட்டும் அது முழுவதும் நம்முடையதாகிவிடாது. அது பழுதாகும் நாளில் நம் ஊரிலேயே, நம் வருவாய்க்குள், அதைச் சரிசெய்ய முடிந்தால்தான் அது நம்முடையது. எந்தப் பொறியை வாங்கினாலும், இது பழுதானால் யார் சரிசெய்வார், உறுப்பு எங்கே கிடைக்கும் என்று முதலில் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.